கீழாநெல்லிக்கு ஒரு திருவுளச்சீட்டு

ஐப்பசி மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளானால் எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு வரப்புகளில் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். ஒரு சாண் உயரச் செடி. இலை வரிசையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகு போலப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். எண்ணெய் கிடையாது, கறி மீன் கிடையாது, சிலர் வீட்டில் உப்புகூடக் கிடையாது. மஞ்சள் காமாலைக்கு இதுதான் மருந்து. சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்தவரிடம் கேட்டாலும் சரி, தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாலும் சரி, ஒரே சாட்சியம்தான் கிடைக்கும்: “என் தம்பிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு அண்ணாச்சி. கீழாநெல்லி கொடுத்தோம். மூணு வாரத்துல தெளிஞ்சுட்டு.”

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. தம்பிக்குக் காமாலை வந்ததும் உண்மை, கீழாநெல்லி குடித்ததும் உண்மை, தெளிந்ததும் உண்மை. ஆனால் கீழாநெல்லியால்தான் தெளிந்ததா என்பது இந்த மூன்று உண்மைகளுக்கும் வெளியே நிற்கும் நான்காவது கேள்வி. அதற்கு இந்த மூன்றிலிருந்தும் பதில் வராது.

ஏன் வராது? நம் ஊர்களில் கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைட்டிஸ் ஏ, இ என்ற இரண்டு வைரஸ்கள். இவை கல்லீரலை வீங்க வைக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு சில வாரங்களில் அவற்றை விரட்டிவிடுகிறது. கல்லீரலுக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் மிக அதிகம். (கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் இ உயிருக்கே ஆபத்தானது, அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.) ஆகவே பெரும்பாலானவர்களுக்குக் கீழாநெல்லி குடித்தாலும் தெளியும், குடிக்காவிட்டாலும் தெளியும். குடிக்காமல் தெளிந்தவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. குடித்தும் தெளியாமல் போனவர் சாட்சி சொல்ல இருப்பதில்லை.

காமாலையோடு இது நிற்கவில்லை. மூட்டுவலி, இழுப்பு, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு எல்லாமே ஏறி இறங்கும் நோய்கள். நாம் வைத்தியரிடம் ஓடுவது உச்சத்தில் ஏறியிருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். அந்த இறக்கத்தில் நம் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்கே பெயர் போகிறது. சித்தம், ஆயுர்வேதம், அலோபதி, மந்திரிப்பு என்ற பேதம் இதில் இல்லை. நவீன மருத்துவமும் நூற்றாண்டுக் கணக்கில் அட்டை விட்டு ரத்தம் எடுத்தது இந்த மாதிரிச் சாட்சியங்களை நம்பித்தான்.

அப்படியானால் நான்காவது கேள்விக்கு எப்படிப் பதில் காண்பது? தம்பி கீழாநெல்லி குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டும். அது முடியாத காரியம், அவர் குடித்துவிட்டார். அவரைப் போலவே எல்லா வகையிலும் இருக்கிற, குடிக்காத இன்னொருவர் வேண்டும். அப்படி ஒருவரும் உலகத்தில் இல்லை. இரட்டைப் பிள்ளைகள்கூட ஒரே அளவு தண்ணீர் குடிப்பதில்லை. ஒருவருக்கு ஒருவர் என்று தேடினால் கிடைக்காதது, கூட்டத்துக்குக் கூட்டம் என்று தேடினால் கிடைக்கும். மருத்துவ ஆய்வின் அடிப்படை இந்த ஒரு கண்டுபிடிப்புதான்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு மழைக்காலத்தில் காமாலையோடு நூறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேருக்குக் கீழாநெல்லி கொடுப்போம், ஐம்பது பேருக்குக் கொடுக்காமல் பார்ப்போம். யாருக்குக் கொடுப்பது? விரும்பியவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால், விரும்பி வாங்குகிறவர் பத்தியம் இருப்பவராக, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பவராக, கவனித்துக்கொள்ள வீட்டில் ஆள் உள்ளவராக இருப்பார். அவர் சீக்கிரம் தெளிந்தால் பெருமை யாருக்கு? மருத்துவரே பிரிக்கட்டும் என்றால், அவருக்கு மனசு இருக்கிறதே. மோசமாக இருப்பவரைப் பார்த்தால் புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும். அல்லது இவர் தாங்க மாட்டார், வேண்டாம் என்று தோன்றும். இரண்டுமே நல்லெண்ணம். இரண்டுமே கணக்கைக் கெடுத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்தாலும், இன்று எந்த முறை என்று தெரிந்தவர் “நாளைக்கு வாங்க” என்று சொல்லி அனுப்ப வழி இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு நம் வீடுகளில் ஒரு தீர்வு பழக்கத்தில் உண்டு. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போது எந்தக் காடு யாருக்கு என்று முடிவுக்கு வராவிட்டால், பெயர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டி, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். திருவுளச்சீட்டு. எடுக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. யாருடைய விருப்பமும் வெறுப்பும் அதில் நுழைய முடியாது. மருத்துவ ஆய்வில் நோயாளிகளைப் பிரிப்பதும் இப்படித்தான். இன்று கணினி குலுக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டுப்பிரிப்பு என்று சொல்லலாம். பாடநூல்களில் சமவாய்ப்புப் பங்கீடு என்பார்கள்.

பாகப்பிரிவினையில் சீட்டு தருவது மனநிம்மதி. ஆய்வில் அது அதைவிடப் பெரிய ஒன்றைத் தருகிறது. வயது, எடை, குடிப்பழக்கம், நோயின் கடுமை ஆகியவற்றை நாம் பட்டியல் போட்டு இரு பக்கமும் சமமாக்கிவிடலாம். நமக்கு இன்னும் பெயரே தெரியாத வேறுபாடுகளை என்ன செய்வது? ஒருவருடைய மரபணுவில் என்ன இருக்கிறது, இன்னொருவர் சின்ன வயதில் எதற்கு ஆளானார் என்பதையெல்லாம் யார் பட்டியல் போடுவது? சீட்டு அவற்றையும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடித்துவிடுகிறது. பத்துப் பேரைப் பிரித்தால் ஒரு பக்கம் சாயலாம். ஆயிரம் பேரைப் பிரித்தால் சாய்வது அபூர்வம். அதன் பிறகு இரண்டு பக்கத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் ஒரே வேறுபாடு மருந்து. மருந்து வாங்காத பக்கத்தை ஒப்பீட்டுக் குழு என்கிறோம். ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை முறையாகச் செய்துகாட்டிய முதல் பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்து 1948-இல் வெளியானது. மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், நோய் காசம். போர் முடிந்த காலம், மருந்து எல்லோருக்கும் போதாது. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் சொன்னபடி, யாருக்கு மருந்து என்பதை ஒட்டிய உறைகளில் வைத்தார்கள். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர்.

கீழாநெல்லிக்கும் இப்படி ஒரு சோதனை நடந்தது, அதுவும் சென்னையில். அங்கே எடுத்துக்கொண்ட நோய் ஹெபடைட்டிஸ் பி. ஏ, இ போல அது வந்து போகிற வகையில் சேராது. ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும் இந்த வைரஸ் சிலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கல்லீரல் சுருக்கமும் புற்றும் வரக்கூடும். வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து இவர்களைக் கண்டுபிடிக்கலாம். அந்தப் புரதத்தைக் கண்டறிந்தவர் பரூக் புளும்பெர்க். அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றார். கீழாநெல்லிச் சாறு ஆய்வுக்கூடத்தில் இந்த வைரஸைத் தடுக்கிறது என்று 1987-இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்கட்டுரையிலும் அவர் ஒரு ஆசிரியர். முதல் ஆசிரியர் வெங்கடேஸ்வரன்.

அடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் லான்செட் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் தங்கிவிட்டவர்களில் ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லி, இன்னொரு பிரிவுக்குப் போலி மருந்து. முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, அந்தப் புரதம் காணாமல் போயிருந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒரே ஒருவருக்கு. தானாக இந்தப் புரதம் மறைவது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவர் என்ற அளவில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். பாட்டிமார் அரைத்துக் கொடுத்த செடிக்கு உலகத்தின் முதல்தர மருத்துவ இதழில் இடம் கிடைத்துவிட்டது.

உலகம் அதை அலட்சியப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது. தாய்லாந்தில் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். மும்பையில் இரண்டு கட்டமாகச் சோதித்தார்கள். எங்கும் சென்னை முடிவு திரும்பக் கிடைக்கவில்லை; புரதம் இருந்த இடத்திலேயே இருந்தது. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் இந்தச் செடியின் இனங்களைப் பற்றிய 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாக வைத்து அலசினார்கள். அவற்றில் போலி மருந்தோடு ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. ஹெபடைட்டிஸ் பி-க்கு இது பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. நம் ஊர்க் காமாலைக்கும் ஒரு சோதனை உண்டு. திருவனந்தபுரம் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி பெற்றவர்களுக்கு மஞ்சள் இருந்த நாட்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

சென்னை முடிவு எப்படி வந்தது? அதில் யாருடைய நேர்மையையும் சந்தேகிக்கத் தேவையில்லை. கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது; மேலும் சோதியுங்கள் என்றுதான் கேட்டது. ஆனால் அந்த இரண்டு எண்களை இன்னொரு தடவை பாருங்கள்: 37, 23. இரண்டு பிரிவு என்றால் ஏறக்குறைய சமமாகத்தானே இருக்க வேண்டும்? இப்படி ஒரு ஏற்றத்தாழ்வைக் கண்டால் பழகிய வாசகர் முதலில் கேட்பது, மீதிப் பேர் எங்கே என்பதுதான். ஆய்வில் சேர்ந்தவர் எல்லோரும் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வருவதில்லை. வராதவர்கள் இரு பக்கமும் ஒரே மாதிரியாகக் குறைந்தால் பாதகமில்லை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் குறைந்தால், சீட்டுப் போட்டு உண்டாக்கிய சமன் குலைந்துவிடுகிறது. அதனால்தான் இன்று, சேர்ந்தவர் எத்தனை, நின்றுபோனவர் எத்தனை, எதற்காக நின்றார்கள் என்று கட்டுரையிலேயே படம் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் பங்கும் அதிகம். செடியின் வகை, பறித்த பருவம், பொடித்த விதம் வேறுபட்டிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அதுவும் சோதித்துப் பார்க்கக்கூடியதே. ஒரு ஆய்வில் கிடைத்தது உண்மையாக இருந்தால், வேறு கைகளில், வேறு ஊரிலும் அது கிடைக்க வேண்டும்.

இந்தச் சீட்டு முறை தமிழ்நாட்டிலிருந்து உலகத்துக்குக் கொடுத்த மாபெரும் விடை ஒன்று இருக்கிறது. அதை நம் பள்ளிப் பாடங்களில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. தென்மாவட்டத்திலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் தாம்பரம் தாண்டியதும் சானடோரியம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் ஆரோக்கிய நிலையம் அது. அந்தக் காலத்தில் காசத்துக்குச் சிகிச்சை என்றாலே இதுதான்: நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை, வீட்டாரை விட்டுத் தனிமை. மருந்துகள் வந்த பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை. ஆனால் 1950-களில் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் அதில் ஒரு சிறு பகுதிக்குக்கூடப் போதாது. வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் போதுமா? போதாது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நினைத்தார்கள். ஒண்டிக் குடித்தனத்தில், அரை வயிற்றுக் கஞ்சியோடு, வேலைக்கும் போய்க்கொண்டு எப்படிக் குணமாகும்? கூடவே படுத்துறங்கும் பிள்ளைகளுக்குத் தொற்றாதா?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த ஏற்பாடு. ஆய்வை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஏறக்குறைய 200 நோயாளிகளுக்குச் சீட்டு விழுந்தது. பாதிப் பேர் ஆரோக்கிய நிலையத்துக்கு, பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கே. இரு பக்கமும் ஒரே மருந்துகள், ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டும், ஓராண்டு.

வீட்டுப் பக்கத்தில் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவர் விழுங்குகிறாரா என்பது பெரிய கவலை. சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர் வீட்டுக்குப் போவார். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார். சிறுநீர் வாங்கி ஒரு ரசாயனம் விட்டுப் பார்த்தால், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று நிறம் சொல்லிவிடும். எழுத்தில் சுலபமாகத் தெரிகிற இந்த வேலையை அன்றைய சென்னைச் சந்துகளில் ஓராண்டு விடாமல் செய்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

1959-இல் முடிவு வந்தது. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் ஆரோக்கிய நிலையத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. ஒரு பிரிவுக்கு எண்பது பேர் அளவில் இருந்த கணக்கில் இது ஐந்தாறு பேர் வித்தியாசம். சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தாலே மாறியிருக்கக்கூடிய அளவு. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அதுவும் இல்லை: வீடு 90, நிலையம் 89. வீட்டில் இருந்தவர்கள் தின்றது குறைவு, உழைத்தது அதிகம், எடை கூடியது குறைவு. ஆனாலும் நோய் அடங்கியது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து ஆரம்பித்த பிறகு பரவல் மிகவும் குறைந்துவிடுகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது.

இன்று எட்டயபுரத்தில் ஒருவருக்குக் காசம் என்றால், அவர் குடும்பத்தை விட்டுப் பிரியாமல், பக்கத்து அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமாகிறார். உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஆரோக்கிய நிலையங்களின் காலம் முடிந்ததில் சேத்துப்பட்டுச் சீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அனுபவத்தில் பழுத்த மருத்துவர்களின் ஒருமித்த கருத்துக்கு எதிராக வந்த முடிவு அது என்பதை மறக்கக் கூடாது.

சீட்டுப் போட்டுச் சோதித்தால் விரும்பாத பதிலும் வரும். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, காசத்துக்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசம் வராமல் அது தடுக்கவில்லை என்று தெரிந்தபோது உலகமே திகைத்தது. குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம்.

உடல் நோயில் ரத்தம், சளி, எக்ஸ்ரே என்று பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. மனநோயில் என்ன செய்வது? எங்கள் பக்கத்திலிருந்து மனநிலை பாதிக்கப்பட்டவர்களை ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ கூட்டிப் போவது வெகுகாலப் பழக்கம். அங்கே போனால் தெளிகிறது என்பது பொய்யும் அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் மதிப்பிட்டு, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்தும் இல்லை, மந்திரிப்பும் இல்லை. அரவணைப்பான இடமும் அன்றாடக் கோயில் வேலையும்தான். மனதைத் தொடும் ஆய்வு. ஆனால் கோயிலுக்குப் போகாத இன்னொரு 31 பேர் அதில் இல்லை. இடமா, நாளா, வீட்டுச் சச்சரவிலிருந்து விலகியதா, எது தெளிய வைத்தது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டபடியே 28 பேர் தீயில் மாண்டதற்குப் பிறகு, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பிரித்தறிவது நம் கடமை ஆகிவிட்டது.

மனநோய் ஆய்வில் போலி மருந்தின் அவசியம் இன்னும் அதிகம். போலி மருந்து என்றால் தோற்றத்திலும் நிறத்திலும் சுவையிலும் அசல் போலவே இருந்து, உள்ளே மருந்தில்லாத மாத்திரை. மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் போலி மாத்திரை பெற்றவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் குறிப்பிடத்தக்க அளவு தேறுகிறார்கள். வாரா வாரம் ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கிறார், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, நோயும் தன் போக்கில் இறங்குகிறது. இத்தனையையும் தாண்டி மருந்து என்ன செய்கிறது என்பதே கேள்வி. 2018-இல் லான்செட்டில் வந்த ஒரு தொகுப்பில் 522 ஆய்வுகள், 1,16,477 பேர், 21 மனச்சோர்வு மருந்துகள். இருபத்தொன்றும் போலி மருந்தை விட மேலாகவே நின்றன, சில அதிகமாக, சில கொஞ்சமாக. யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவருக்கும் தெரியாது. இதை இரட்டை மறைப்பு என்கிறோம். தெரிந்துவிட்டால், நல்ல மருந்து வாங்கியவர் முகத்தில் மதிப்பிடுகிறவருக்கு நல்லதுதான் தெரியும்.

சில சிகிச்சைகளை மறைக்க முடியாது. மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் போய், மருந்து, வேலை, குடும்பம் எல்லாவற்றிலும் துணை நிற்பதால் பலன் உண்டா என்று 2009 முதல் இந்தியாவில் மூன்று இடங்களில் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் நடத்தியது, 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு. ஊழியர் வீட்டுக்கு வருகிறாரா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆகவே மதிப்பிடுகிறவருக்கு மட்டும் மறைத்தார்கள். மொத்தம் 282 பேர். 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு வீட்டு வருகையும், 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். ஓராண்டு கழித்து, நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்கள் வீட்டு வருகைப் பிரிவில் 51 சதவீதம்.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் பெரிய வெற்றி என்று செய்தி போடலாம். இன்னொரு பிரிவிலும் 51 சதவீதம்தான். ஒப்பீட்டுக் குழு ஒன்று இல்லாமல் போயிருந்தால், மருத்துவமனைச் சிகிச்சையும் காலமும் செய்த வேலைக்கு வீட்டு வருகை பெயர் வாங்கியிருக்கும். ஆனாலும் ஆய்வு வீண் போகவில்லை. சராசரி மதிப்பெண்ணில் வீட்டு வருகைப் பிரிவு சிறிதளவு முன்னால் நின்றது. மற்ற இரண்டு இடங்களைவிட மருத்துவ வசதி குறைந்த தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அந்த இடைவெளி தெளிவாகவே தெரிந்தது. மனநல மருத்துவர் எட்டாத ஊர்களுக்கு இந்தத் துணை தேவை என்று ஆதாரத்தோடு கேட்க இப்போது ஒரு எண் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கிறவர் மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. நோயோடு வந்தவருக்குச் சீட்டுப் போட்டு மருந்து இல்லை என்று சொல்வது பாவம் இல்லையா? எது நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் பாவம்தான். அப்போது சீட்டுப் போட மருத்துவ அறம் அனுமதிக்காது. ஏற்கெனவே நல்ல சிகிச்சை இருக்கும் நோய்க்கு ஒப்பீட்டுக் குழுவினருக்கு அந்தச் சிகிச்சையைக் கொடுத்தாக வேண்டும். புது மருந்து அதோடு போட்டியிட வேண்டும். ஸ்கார்ஃப் ஆய்விலும் மருத்துவமனைச் சிகிச்சை இரு பிரிவுக்கும் உண்டு. உண்மையிலேயே யாருக்கும் தெரியாத இடத்தில்தான் சீட்டுக்கு வேலை.

ஆனால் இந்த நாட்டில் ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் கைநாட்டு வாங்கிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அதற்குப் பிறகுதான் சட்டம் இறுகியது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேட்டைத் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, எத்தனை பேர், எதை அளக்கப்போகிறோம், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்கிறோம் என்று அதில் எழுதிவிட வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால் ஆய்வையே மறைத்துவிடுவதற்கும், எதிர்பார்த்தது கிடைக்காமல் வேறொன்றை அளந்து வெற்றி என்று சொல்லிக்கொள்வதற்கும் எதிராக இருக்கும் காவல் அது. இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நாளைக்கே திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு மருத்துவமனையில் “இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா” என்று நம் வீட்டில் ஒருவரைக் கேட்கக்கூடும். பயந்து ஓடவும் வேண்டாம், டாக்டர் சொல்லிவிட்டாரே என்று தலையாட்டவும் வேண்டாம். தகவல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையைவிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவு எண் என்ன, சீட்டு எந்தப் பக்கம் விழுந்தால் என்ன கிடைக்கும், வழக்கமான மருந்தை நிறுத்துவார்களா, ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் கிடைக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியவருக்கு அந்த மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையை நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது.